மார்க் 4 அம்பாசடரில் இசுசு எஞ்சின்: எந்த கியர்பாக்ஸ்?

செவ்வாய்ப்பேட்டை_அம்பி:
அப்பாவோட மார்க் 4-ல் பழைய 1489 சிசி எஞ்சினை எடுத்துவிட்டு, கான்டெசா காரின் 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சின் வைக்கப் போகிறேன். ஸ்டீயரிங் பக்கத்து நாலு கியரே போதுமா, இல்லை அஞ்சு கியருக்கு மாறணுமா? அடிக்கடி ஏற்காடு ஏறுகிற வண்டி.

அஸ்தம்பட்டி_கேரேஜ்:
பழைய கியர்பாக்ஸ் வேண்டாம் அண்ணா. இசுசுவோட அஞ்சு கியர் உள்ள பெட்டியை பெல் ஹவுசிங் (எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் கூடு), ஃப்ளைவீல், கிளட்ச் எல்லாம் சேர்த்து ஒரே செட்டாக வாங்குங்க, தனித்தனியாக வாங்கினால் ஸ்ப்ளைன் (கிளட்ச் பிளேட் உட்காரும் ஷாஃப்ட் பல்) பொருந்தாமல் லேத்துக்கு அலையணும். கம்பெனியே 1800 ஐஎஸ்இசட் அம்பாசடரில் இசுசுவை அஞ்சு கியரோடுதான் கொடுத்தது. வாங்கும் முன்னே பெட்டி ஆயிலை வடித்து விரலில் தேய்த்துப் பாருங்க, பித்தளைத் துகள் மினுமினுத்தால் சிங்க்ரோ ரிங் (கியர் உரசாமல் விழ உதவும் வளையம்) தேய்ந்திருக்கு.

ஏற்காடு_மேட்டுக்காரன்:
இருபது கொண்டை ஊசி வளைவிலும் அஞ்சாவது கியருக்கு வேலையே இல்லை தம்பி, முதல் ரெண்டு கியரும் பின் ஆக்ஸில் ரேஷியோவும் (பின் அச்சின் பல்சக்கர விகிதம்)தான் முக்கியம். ரேஷியோ ஒத்துவராவிட்டால் வளைவில் பாதி கிளட்சிலேயே ஓட்டி பிளேட் கருகிவிடும். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (பெட்டியிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டு) நீளத்தை வண்டி நாலு சக்கரத்திலும் நிற்கும்போது அளங்க, ஜாக்கியில் தொங்கும்போது வேண்டாம். அந்த ஷாஃப்டை வெட்டிக் குறைத்தால், அதிராமல் சுற்ற பேலன்ஸ் பண்றது கட்டாயம். அப்புறம், எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றணும்.

செவ்வாய்ப்பேட்டை_அம்பி:
சரிங்க அண்ணா, செட்டாகவே தேடுகிறேன். ஸ்பீடோமீட்டர் கேபிள் எதைப் போடுவது?

அஸ்தம்பட்டி_கேரேஜ்:
பெட்டி கைக்கு வந்ததும் கேபிள் முனையை போட்டோ எடுத்துப் போடுங்க, பார்த்துச் சொல்கிறேன்.