'இம்மெர்ஷன்' என்பதற்குத் தமிழில் என்ன போடலாம்?

வணக்கம். பள்ளிக் கல்வி பற்றிய ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கிறேன், 'இம்மெர்ஷன்' (immersion, நேர்ப்பொருள் மூழ்குதல்) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லில் மூன்று நாளாக நிற்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

சொல் வருகிற இடம் இது: 1965இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில், செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோரின் முயற்சியால் அவர்கள் பிள்ளைகளுக்கு மழலையர் வகுப்பிலிருந்தே பிரெஞ்சிலேயே சொல்லித்தரத் தொடங்கினார்கள். அங்கே பிரெஞ்சு தனிப் பாடம் இல்லை, பாடம் நடக்கிற மொழியே அதுதான். இந்த முறைக்குத்தான் 'இம்மெர்ஷன்' என்று பெயர்.

'மூழ்கல்' போட்டுப் பார்த்தேன், பிள்ளைகள் தண்ணீரில் மூழ்கிய செய்தி போல இருக்கிறது. 'முழுக்கு' என்றால் முழுக்கு ஞானஸ்நானம்தான் நினைவுக்கு வருகிறது. 'கரைப்பு' விநாயகர் சிலைக்குச் சரி, இங்கே உதவாது. 'பிரெஞ்சுவழிக் கல்வி' என்றால் நம் ஊர் ஆங்கிலவழிப் பள்ளியோடு குழம்பும். அப்புறம் 'தோய்தல்'. மனதுக்குப் பிடித்தது இது ஒன்றுதான், 'தமிழில் தோய்ந்தவர்' என்கிறோமே, ஆனால் அது பல வருடம் ஊறிய புலமையைச் சொல்கிறது, ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒட்டுமா என்று தயக்கம்.

'பிரெஞ்சு மொழித்தோய்வு வகுப்பு' என்று எழுதினால், விளக்கம் இல்லாமலே உங்களுக்குப் பொருள் புரிகிறதா?