புதுப்பிப்பு: .45-70 ரைஃபிளில் மானுக்கு 300 கிரெயினா, 405-ஆ?

டெக்சஸில் இருக்கும் சேலத்துத் தம்பி லைசென்ஸோடு வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறார். .45-70 என்பது ஏறக்குறைய .45 அங்குலத் தடிமனுள்ள குண்டு போடும் தோட்டா வகை; அதற்கு எத்தனை கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு என்று கேட்டிருந்தார். "405, கனமானதே நல்லது" என்று முதலில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். மானுக்கு 300 போதும்.

நம்மூர்க் கணக்கில் 300 கிரெயின் 19.4 கிராம், ஏறக்குறைய இரண்டரை சவரன். 405 என்பது மூணேகால். 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த பழைய எடை அதுதான். சாதாரண கம்பெனித் தோட்டாவில் 405 நொடிக்குச் சுமார் 1,330 அடி, 300 சுமார் 1,800 அடி வேகத்தில் கிளம்பும். 100 கஜத்தில் குறி சரிசெய்தால், 200 கஜத்தில் 405 இரண்டடி இறங்கிவிடும். 300 ஓரடிக்குக் கொஞ்சம் கூட. தூரத்தை 20 கஜம் தப்பாகக் கணித்தாலே 405-இல் குறிக்குக் கீழே, காலில் பட்டுவிடக்கூடும்.

கெட்டி ஈய வார்ப்புக் குண்டு மானின் மெல்லிய விலாவில் விரியாமலே ஊடுருவிப் போய்விடும். பட்டதும் விரியும் மென்முனை அல்லது ஹாலோ பாயின்ட் (முனையில் குழி உள்ளது) வாங்குங்கள், முன்னங்கால் தோளுக்குச் சற்றுப் பின்னால் குறி வையுங்கள்.

லீவர் ரைஃபிளின் குழாய் மேகசினில் (தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய்) கூர்முனை உலோகக் குண்டு கூடவே கூடாது. ஒன்றன் முனை முன்னால் இருப்பதன் பிரைமரை (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) முட்டி, அதிர்ச்சியில் உள்ளேயே வெடிக்கும். தட்டை முனைதான். குண்டை மட்டும் தனியாக வாங்கினால் விட்டம் .458 அங்குலமா என்று பாருங்கள்; .452 கைத்துப்பாக்கிக்கானது.

ஏற்காட்டில் மானைச் சுடலாமா என்று கேட்டவருக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே கடமான், புள்ளிமான் எதையும் சுட முடியாது, தோட்டத்துக்குள் வந்தாலும்.