சென்னாக்கூனி மாதிரி பொடி இறால் தீனியில் திமிங்கலத்துக்கு எப்படி வயிறு நிறைகிறது?

பந்திக்காரர், காரைக்குடி:
கல்யாணச் சமையல் எனக்குத் தொழில். முப்பது வருடமாக இலைக் கணக்குதான் பிழைப்பு. கிலோ அரிசிக்கு எட்டு இலை என்று வைத்து, வருகிற கூட்டத்தைப் பார்த்து ஏற்றி இறக்குவேன். போன வாரம் கானாடுகாத்தானில் ஒரு அறுபதாம் கல்யாணம். மூன்றாங்கட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது, லீவுக்குக் கூட வந்திருந்த பேரன், "ஐயா, நீலத்திமிங்கலம் ஒரே நாளில் 16 டன் திங்குமாமே, அதுக்கு யாரு ஆக்கிப் போடுறது?" என்று கேட்டான்.

அரிசியாக நினைத்துப் போட்டுப் பார்த்தேன். 1,28,000 இலை! அத்தனைக்கும் தீனி, கிரில் என்கிற விரல் நீள இறால் வகையாம். அவன் படத்தைக் காட்டினால் நம் சென்னாக்கூனிக்கு அண்ணன் மாதிரி இருக்கிறது. கடலோ கரை தெரியாத அகலம். இந்தப் பொடிசைத் தேடி அவ்வளவு பெரிய உடம்பு அலைந்தால், அலைந்த கூலிக்காவது கட்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலியல் மாணவி:
வணக்கம் ஐயா. தொண்டியில் இருக்கும் அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறேன். அந்த 16 டன், 2021-ல் வந்த ஆய்வின் கணக்கு. திமிங்கலங்களின் முதுகில் கருவி ஒட்டிப் பார்த்தார்கள். முன்பு நினைத்திருந்ததைப் போல மூன்று மடங்கு வந்தது. ஆனால் தினமும் அவ்வளவு கிடையாது, இரை மேய்கிற நாட்களில் மட்டும். வருடத்தில் சில மாதங்கள் தின்று கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ளும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் அதை வைத்தே ஓட்டும். உடம்பு பெரிதாக ஆக, ஒரு கிலோ எடைக்குத் தேவைப்படும் தீனி குறைந்துகொண்டே போகும் என்பதால் இது முடிகிறது.

இனி உங்கள் கூலிக் கேள்வி. கிரில் கடல் முழுக்கத் தூவிக் கிடப்பதில்லை. அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள தண்ணீர் மேலே வரும் இடங்களில் நுண்பாசி பெருகும். அதைத் தின்ன கிரில் மந்தை மந்தையாகக் கூடும். திமிங்கலம் வேகமாகப் பாய்ந்து, தன் எடைக்குக் கிட்டத்தட்ட சமமான தண்ணீரை ஒரே வாயில் அள்ளும். வாயை மூடி நாக்கால் தண்ணீரை வெளியே தள்ளினால், மேல்தாடையில் தொங்கும் நார்த்தகடுகளில் கிரில் தங்கிவிடும். உங்கள் வடிதட்டு மாதிரிதான். அந்தத் தகடு நம் நகம் செய்யப்பட்ட அதே பொருள். அடர்ந்த மந்தையில் ஒரு பாய்ச்சலுக்கு 4,57,000 கிலோகலோரி வரை கிடைக்கும் என்று 2011-ல் கணக்கிட்டார்கள். முங்கித் தேடுகிற செலவையும் சேர்த்துப் பார்த்தால்கூட, செலவழித்ததைப் போல சுமார் 90 மடங்கு வரை கிடைக்கும். மந்தை மெலிந்திருந்தால் அந்தப் பாய்ச்சல் கட்டாது.

தேவகோட்டை ரஸ்தா:
அதெல்லாம் அண்டார்டிகா கதை. நம்ம பக்கம் வெதுவெதுப்புக் கடல். இங்கே ஏது கிரில்?

கடலியல் மாணவி:
இலங்கைக்குத் தெற்கிலும் திருகோணமலைப் பக்கமும் நீலத்திமிங்கலங்கள் இருக்கின்றன, அண்ணா. இவை தீனிக்காக அண்டார்டிகா போவதில்லை. அவற்றின் சாணத்தை எடுத்து 2018-ல் ஆராய்ந்ததில், கிரிலை விட செர்ஜெஸ்டிட் என்ற பொடி இறால் குடும்பம்தான் அதிகம் தெரிந்தது. ஐயா, உங்கள் சென்னாக்கூனியும் அதே குடும்பம்தான்.

தொண்டிக்கரை:
திமிங்கலத்தை நான் கண்ணால் பார்த்தது இல்லை. ஆவுளியாவைப் பார்த்திருக்கிறேன், அதான் கடல்பசு. அதுக்குத் தேடுகிற பாடே கிடையாது. தீனி மேலேயே குடியிருக்கும். வெயில் தரை வரைக்கும் இறங்குகிற ஆழம் குறைந்த இடத்தில்தான் கடற்புல் முளைக்கும். அங்கே மூஞ்சியைத் தரையில் அழுத்தி வேரோடு பறித்துத் திங்கும். மேய்ந்த தடம் வாய்க்கால் வெட்டின மாதிரி நீளமாகக் கிடக்கும். நாளைக்கு 30, 40 கிலோ வேணும். இழுவை மடி, அதான் விசைப்படகு இழுத்துப் போகிற வலை, தரையைச் சுரண்டிக்கொண்டு போனால் அன்றோடு அந்த மேய்ச்சல் போச்சு. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் இதுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். நம்ம பக்கமும் கொஞ்சம் சேர்த்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

பந்திக்காரர், காரைக்குடி:
எல்லோருக்கும் நன்றி. 90 மடங்கா! பர்மாவில் கடை போட்டவர்கள் கூட அந்த லாபம் பார்த்திருக்க மாட்டார்கள். எந்த மாதம் எந்தக் கடலில் மந்தை கூடும் என்று திமிங்கலத்துக்கு எப்படித் தெரிகிறது, அதை மட்டும் சொல்லுங்கள் அம்மா.

கடலியல் மாணவி:
ஞாபகம்தான் ஐயா. கலிபோர்னியாப் பக்கம் பத்து வருடத் தடத்தைப் பார்த்து 2019-ல் எழுதினார்கள். அந்த வருடத்து விளைச்சலைப் பின்தொடர்வதை விட, பல வருடச் சராசரியில் எங்கே எப்போது தீனி கூடுமோ அதை ஒட்டியே அவை நகர்கின்றன.

பந்திக்காரர், காரைக்குடி:
அப்போ என்னை மாதிரிதான். வைகாசிக்கு எந்த ஊரில் எத்தனை முகூர்த்தம் வரும் என்று பஞ்சாங்கம் பார்க்காமலே பாத்திரம் எடுத்து வைத்துவிடுவேன். ஒரு வருடம் கணக்குத் தப்பி, ஐந்நூறு இலைக்கு ஆக்கியதில் பாதி அப்படியே நின்றுபோனது. திமிங்கலத்துக்கும் அப்படி ஒரு வருடம் வரத்தான் செய்யும். சரி, பேரன் இப்போது டப்பாவிலிருந்து கூனியை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறான். பொடி இடிக்க வைத்திருந்தது. போய்ப் பிடுங்க வேண்டும்.