பார்த்தால் பொட்டல், ஆடினால் பொறி: செயின்ட் ஆண்ட்ரூஸ் 17-ஆம் குழி ஏன் இப்படி?

பீளமேட்டுக்காரன்:

கோவையில் இரண்டு ஆண்டுகளாகக் கோல்ஃப் பழகுகிறேன். போன வாரம் மாமனாரோடு உட்கார்ந்து 2022 ஓப்பன் போட்டியின் கடைசி நாள் ஆட்டத்தைத் திரும்பப் பார்த்தேன். நடந்த இடம் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரிலுள்ள ஓல்டு கோர்ஸ் மைதானம். நிழலுக்குக்கூட ஒரு மரம் இல்லை. ஏரி, குளம் எதுவும் இல்லை. மேடும் பள்ளமுமாக வெளுத்த புல்தான். "ஆடு மேய்க்கும் பொட்டல் மாதிரி இருக்கிறது, இதற்கா இத்தனை பேர் கூடியிருக்கிறார்கள்?" என்றார் மாமனார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஃபேர்வே, அதாவது பந்து போகும் புல்வழி, அவ்வளவு அகலம். கேமரூன் ஸ்மித் 20 அண்டரில், அதாவது பார் என்று நிர்ணயித்த அடி எண்ணிக்கையைவிட 20 குறைவாக, முடித்து வென்றார். அப்படிப்பட்ட இடத்தில் 17-ஆம் குழி வந்ததும் மட்டும் ஏன் எல்லாரும் பதறுகிறார்கள்?

டண்டீ வாசி:

உங்கள் மாமனார் சொன்னது தப்பில்லை. அது ஊர்ப் பொது நிலம். ஆடு மேய்ந்த இடமேதான். கடற்காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் தோண்டிய பள்ளங்களே பின்னாளில் பங்க்கர் என்னும் மணல் பள்ளங்களாயின என்று இங்கே சொல்வார்கள்.

நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம், டண்டீயில் இருக்கிறேன். பெரிய போட்டிகள் தவிர ஞாயிறுகளில் அங்கே ஆட்டம் கிடையாது, மைதானம் பூங்காவாகிவிடும். நாயைக் கூட்டிக்கொண்டு, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு யார் வேண்டுமானாலும் நடக்கலாம். நானும் மகளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவேன்.

ஒருநாள் 17-ஆம் கிரீனுக்கு, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, முன்னால் நின்று ஆரஞ்சுப் பழம் எடுத்தோம். அவள் கையிலிருந்து ஒன்று நழுவியது. பங்க்கர் நாலைந்து எட்டு தள்ளி, ஓர் ஓரமாக இருந்தது. பழம் நேராக உருண்டு, பிறகு மனம் மாறியதுபோல வளைந்து, உள்ளே விழுந்தது. தொலைக்காட்சியில் தெரியாத சங்கதி இதுதான். அந்தப் பங்க்கரின் வாய் சின்னது. ஆனால் சுற்றியுள்ள தரை முழுவதும் அதை நோக்கியே சரிகிறது. கிணற்றைச் சுற்றிய வாய்க்கால் மாதிரி, எங்கே விழுந்த பந்தையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

எடுக்க நான்தான் இறங்கினேன். மண்ணோடு வெட்டிய புல் பாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஏறக்குறையச் செங்குத்தாக எழுப்பிய சுவர். அதன் அடியில் நின்றால் கிரீன் கண்ணில் படாது, வானம்தான். பந்து சுவரை ஒட்டிக் கிடந்தால் முன்னால் அடிக்க வழியே இல்லை. வந்த பக்கமே திருப்பி அடிக்க வேண்டும். 1978 ஓப்பனில் ஜப்பானின் டாமி நகஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிட்டார். பட் செய்த, அதாவது குழியை நோக்கித் தரையோடு உருட்டிய, பந்து சரிவில் இறங்கி இந்தப் பள்ளத்தில் விழுந்தது. வெளியே வர நான்கு அடி. அந்தக் குழியில் மொத்தம் 9. 2000-இல் டேவிட் டுவாலுக்கும் இங்கே இதே கதிதான். அதே வாரம் டைகர் உட்ஸ் 72 குழிகளிலும் ஒரு பங்க்கரில்கூட விழாமல் கோப்பையை வாங்கிப் போனார். மைதானத்தில் இருப்பவை 112.

இனி உங்கள் கேள்வி. 17-ஆம் குழி 495 யார்டு, பார் 4, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டியது. வலப்பக்கம் ஹோட்டல், அதன் கொட்டகைகளுக்கு மேலாக, இறங்கும் இடம் தெரியாமலே முதல் அடி அடிக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக வலப்பக்கம் போனால் எல்லைக்கு வெளியே. சரி, பயந்து இடப்பக்கம் அடிக்கலாம், தாராளமாக இடமிருக்கிறது. ஆனால் கிரீன் குறுக்காகக் கிடக்கும் ஒடுங்கிய மேடு. இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் முன்னால் பங்க்கர், பின்னால் தார்ச் சாலை, அதற்கப்பால் கல் சுவர். சாலையும் மைதானத்தில் சேர்ந்தது. பந்து அங்கே நின்றால் அங்கிருந்தே அடிக்க வேண்டும். 1984-இல் டாம் வாட்சன் இரண்டாம் அடியில் கிரீனைத் தாண்டி அந்தச் சுவரருகே போய்விட்டார். அதே நேரம் 18-இல் அவரது போட்டியாளர் பேலஸ்டெரோஸ் பர்டி, பாரைவிட ஓர் அடி குறைவு, போட்டார். அத்தோடு வாட்சனின் வாய்ப்பு முடிந்தது.

இந்த மைதானம் அகலமாக இருப்பது கருணையால் அல்ல. முதல் அடியில் ஒதுங்கிப் போனவனிடம் இரண்டாம் அடியில் வட்டியோடு வசூலிக்கிறது.

ஸ்மித்தின் ஆட்டத்தைத் திரும்பப் பாருங்கள். அவர் பந்துக்கும் கொடிக்கும் நடுவே அதே பங்க்கர். பந்தை மேலே தூக்கிப் போடவில்லை. பட்டரை எடுத்து, பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி மேட்டில் உருட்டினார். பிறகு சுமார் பத்தடி தூர பட் குழியில் விழுந்தது, பார். ஒரே ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். 20 அண்டர் என்ற எண்ணைவிட எனக்கு அந்த ஒரு பார்தான் பெரிது.

மணல்மேடு:

அண்ணன் உருக்கமாக எழுதுகிறார், ஆனால் தெரியாத சரிவில் பந்தை இழப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது. புளோரிடாவின் டிபிசி சாகிராஸ் மைதானத்தின் 17-ஆம் குழி எவ்வளவோ நேர்மை. 137 யார்டு, சுற்றிலும் தண்ணீர், நடுவில் கிரீன். மற்றக் குழிகளுக்கு மணல் தோண்டித் தோண்டி அங்கே பெரும்பள்ளமாகிவிட்டது. தண்ணீர் விட்டுத் தீவாக்கிவிடலாம் என்று யோசனை சொன்னவர் வடிவமைப்பாளர் பீட் டையின் மனைவி ஆலிஸ். ஒளிவுமறைவு இல்லை, பயம் கண்ணெதிரே தெரிகிறது.

டண்டீ வாசி:

தெரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே ஆடுபவனுக்கு யோசிக்க என்ன இருக்கிறது? காற்றைப் பார்த்து கிளப்பை எடு, அடி, கும்பிடு. தண்ணீரில் விழுந்த பந்தை வைத்து ஸ்மித் மாதிரி ஒரு தந்திரம் செய்ய முடியுமா? சரிவு அநியாயம் என்கிறீர்கள். நான்கு ஞாயிறு நடந்து பாருங்கள், பாதமே சொல்லிக் கொடுத்துவிடும்.

பீளமேட்டுக்காரன்:

இருவருக்கும் நன்றி. முழுவதையும் மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன். நகஜிமா, வாட்சன் எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த ஆரஞ்சு என்னவாயிற்று?" என்கிறார்.

டண்டீ வாசி:

மணலைத் துடைத்துவிட்டு மகளே தின்றாள் என்று சொல்லுங்கள். என் காலடித் தடத்தை அங்கே கிடந்த வாரியால் சமன் செய்துவிட்டுத்தான் மேலே ஏறினேன். அதற்கு எனக்கு இரண்டு முயற்சி.