கோடை முகாம்: பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் நேரத்துக்கு ஒரு படிவம் தேவை

வணக்கம். மே மாத முகாமில் 6 முதல் 12 வயது வரை 40 பிள்ளைகள். வெயிலுக்கு ஏற்பாடு முடிந்தது: 11 முதல் 3 மணி வரை மைதானம் கிடையாது, அரைமணிக்கொரு தடவை தண்ணீர். ஓ.ஆர்.எஸ். (நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது, அதை ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு கூடிப்போகும் என்று தன்னார்வலர்களுக்குச் சொல்லியாச்சு.

சிக்கல் மாலையில்தான். வாசலில் ஒரே கூட்டம். "நான் மாமா" என்று யார் சொன்னாலும் சின்னது தலையாட்டிவிடும். பெற்றோர் முன்பே எழுதித்தரும் இரண்டு பேர், அவர்கள் படம், தினமும் கையெழுத்து என்று யோசித்திருக்கிறோம். வேறு ஆள் வந்தால் பெற்றோருக்குப் போன். அதுவும் வந்தவர் தரும் எண்ணுக்கு அல்ல, படிவத்தில் உள்ள எண்ணுக்கு.

இப்படித் தமிழில் படிவம் வைத்திருப்பவர்கள் பகிர முடியுமா? ஆட்டோ, வேனில் போகும் பிள்ளைகளுக்கு யாரிடம் கையெழுத்து வாங்குகிறீர்கள்?