கடலோர ஊரில் சுமித்ரா பாவே – சுனில் சுக்தங்கர் படம்: எதை முதலில் திரையிடலாம்?

கேள்வி: குமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்து வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் மாதம் ஒருமுறை படம் திரையிட்டு, முடிந்தபின் அமர்ந்து பேசுவது வழக்கம். அடுத்த முறை, மராத்தியில் இணைந்து இயக்கிய சுமித்ரா பாவே, சுனில் சுக்தங்கர் இருவரின் படம் ஒன்றைக் காட்ட விரும்புகிறேன். என் மனம் ‘திடீ’ படத்தையே நாடுகிறது. ஆண்டுதோறும் பண்டரிபுரத்துக்கு நடந்துசென்று விட்டலனை வணங்கிய கொல்லர் ஒருவர், வெள்ளத்தில் மகனைப் பறிகொடுத்து உடைந்துபோகும் கதை அது. ஆனால் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அந்தப் பெற்றோரை அழைத்து உட்கார வைத்து இந்தப் படத்தைக் காட்டுவது முறையாகுமா?

பதில் 1: மார்த்தாண்டத்திலிருந்து

உங்கள் தயக்கம் நியாயமானது. எனினும் இந்த இருவரின் வேலைமுறையை அறிந்தால் அது சற்றுக் குறையலாம். சுமித்ரா பாவே திரைப்படம் படித்து வந்தவர் அல்லர். புனேயில் சமூகப்பணி கற்பித்த சமூகவியலாளர். குடிசைப்பகுதிப் பெண்களின் வாழ்க்கையை ஆய்வறிக்கையாக எழுதினால் அது அந்தப் பெண்களையே சென்று சேராது என்று உணர்ந்துதான், 1985இல் ‘பாய்’ என்ற குறும்படத்தை எடுத்தார். அதற்குத் தேசிய விருது கிடைத்தது. புனே திரைப்படக் கல்லூரியில் பயின்ற சுக்தங்கர், வயதில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் இளையவர், அவருடன் சேர்ந்தபின் 2021 ஏப்ரலில் பாவே மறையும் வரை இருவரும் பிரியவில்லை. யாருக்காக எடுக்கிறோமோ அவர்களே பார்க்க வேண்டும் என்ற அந்த முதல் எண்ணம் கடைசிவரை மாறவில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் முதல் படமாக ‘காசவ்’ காட்டுங்கள். 2016ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதான தங்கத்தாமரை பெற்றது. ‘காசவ்’ என்றால் ஆமை. மனச்சோர்வால் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற இளைஞன் ஒருவனை, தானும் அந்த நோயை அறிந்த ஒரு பெண் கொங்கணக் கடற்கரை வீட்டில் தங்க வைக்கிறாள். ‘ஏன் இப்படிச் செய்தாய்’ என்று அவனை நெருக்குவதில்லை. அதே கரையில் ஆமை முட்டைகளைக் காக்கும் முதியவராக நடிக்கும் மோகன் அகாஷே உண்மையிலேயே மனநல மருத்துவர். கரையேறும் ஆமையை நம் மக்களுக்குத் தெரியும். ஆகவே கதைக்குள் நுழைய யாருடைய துணையும் வேண்டியிருக்காது.

(இவர்களின் ‘தேவராய்’ படத்தையும் ஒருநாள் பாருங்கள். தேவராய் என்பது, தெய்வத்துக்கென வெட்டாமல் விட்ட காடு; நம் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக் காவு போன்றதுதான்.)

பதில் 2: குளச்சல் அருகிலிருந்து

தம்பி, நான் ஒக்கியில் உடன்பிறந்தவனை இழந்தவள். அந்த வீடுகளில் இருப்பவர்களை நினைத்து நீங்கள் அஞ்சுகிறீர்கள். நாங்கள் நோகாமல் இருப்பதற்காக எல்லோரும் பேச்சை மாற்றியே இத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டன. 2021 மே மாதம் இணையத்தில் வெளியானபோது ‘திடீ’ பார்த்தேன். அந்தக் கொல்லருக்கு யாரும் ஆறுதல் சொல்லி ஆற்றுவதில்லை. பக்கத்து வீட்டுப் பசு கன்று ஈன முடியாமல் தவிக்கிறது. கைப்பழக்கம் உள்ளவர் அவர் ஒருவரே. கோபமும் அழுகையும் அடங்காத அந்த நிலையிலேயே அவருடைய கை கன்றை வெளியே கொண்டுவருகிறது. கொல்லராக வரும் கிஷோர் கதம் நடிப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. என் அம்மாவும் உடன் இருந்து பார்த்தார். அன்றிரவு முதன்முறையாகத் தம்பியின் பெயரைச் சொல்லி எங்களிடம் பேசினார்.

அறிவிப்பு ஒட்டி அழைக்காதீர்கள். வீடுவீடாகச் சென்று கதை முழுவதையும் முன்பே சொல்லுங்கள்; வருவதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

பதில் 3: தக்கலையிலிருந்து

திரையின் அடியில் ஓடும் எழுத்துத் துணையுரையை மூத்தவர்களால் வேகமாகப் படிக்க முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஒருவர் கதையை உங்கள் ஊர்ப் பேச்சில் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். படத்தின் உரிமையாளர்களிடம் எழுத்துப்பூர்வ அனுமதியும் பெற்றுவிடுங்கள். பெயரை விளக்கத் தடுமாற வேண்டாம். ‘திடீ’ என்றால் பார்வை, நம் பழைய சொல்லான ‘திட்டி’யும் அதன் உறவே.

கேட்டவர்

அக்கா, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆழ்கடலுக்குச் சென்றவர்கள் கிறிஸ்துமஸுக்குக் கரை திரும்பும்வரை காத்திருந்து, ‘திடீ’ படத்தையே காட்டுகிறேன். நாளை மாலை ஜெபமாலை முடிந்ததும் முதல் வீட்டுக்குச் செல்கிறேன். தமிழில் கதை சொல்லும் பொறுப்பை, உங்களால் வர முடியுமானால், நீங்களே ஏற்றுக்கொள்வீர்களா?