ஆமணக்கில் வளைந்து நடந்த புழு ஜியோமெற்றிடே இல்லையா?

கோண்டாவில்வாசி:
வேலியோர ஆமணக்கில் ஒரு புழு, முதுகை வில்லாக வளைத்து நடந்தது. போத்தலில் இலை போட்டு வளர்த்தேன். வெளியில் வந்த விட்டிலோ தடித்த உடம்பு, மண்ணிற முன்சிறகு, பின்சிறகு கறுப்பு, அதில் குறுக்கே வெள்ளைப் பட்டை, ஓரத்தில் மூன்று வெள்ளைப் பொட்டு. இப்படி வளைந்து நடக்கும் புழுக்களின் விட்டில் குடும்பமான ஜியோமெற்றிடே என்றால் மெல்லிய உடம்பும் விரித்துப் பரப்பிய சிறகும் என்றுதானே படித்தது, எங்கே இடிக்கிறது?

விட்டில்பைத்தியம்:
அது அக்கேயா ஜனாட்டா, ஆமணக்குக் காவடிப் புழு. குடும்பம் எரெபிடே, பழைய புத்தகங்களில் நொக்டூயிடே என்று கிடக்கும். நடையை வைத்துக் குடும்பம் சொல்லக்கூடாது. அடுத்த புழுவைத் திருப்பிப் போலிக்கால்களை, அதாவது வயிற்றில் உள்ள சதைக்கால்களைப் பாருங்கோ. ஜியோமெற்றிடே புழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின் ஆறாம் துண்டத்தில் ஒரு சோடி, பத்தாவதில் ஒரு சோடி, அவ்வளவுதான். பிடிக்கக் காலில்லாத நடுவுடம்பைத் தூக்கி வளைக்காமல் வேறு வழியில்லை. காவடிப் புழுவுக்கு நடுவிலும் கால் உண்டு, முன்னால் இருப்பவை மட்டும் சிறுத்துப்போயிருக்கும், அதனால்தான் அந்த அரைகுறை வளைவு. இரண்டு பரம்பரையிலும் தனித்தனியே வந்த நடை.

கோண்டாவில்வாசி:
சரி, விட்டில் மட்டும் கையில் இருந்தால்?

விட்டில்பைத்தியம்:
காதைப் பாருங்கோ. ஜியோமெற்றிடேக்குக் காது வயிறு தொடங்கும் இடத்தில், எரெபிடேக்கு மார்பின் பின்கோடியில். வௌவாலின் சத்தம் கேட்கத்தான் இரண்டும். செத்த விட்டிலில் மெல்லிய தூரிகையால் செதில்களைத் தட்டிவிட்டு லென்சில் பார்த்தால் தெரியும், பொறுமை வேணும்.

சுன்னாகத்தான்:
அப்ப ஜியோமெற்றிடேயின் உண்மையான சொந்தக்காரர் யார், அண்ணை?

விட்டில்பைத்தியம்:
யுரானிடே, செமட்டூரிடே, எபிகோபைடே, அப்புறம் 2015இல் பெயர் சூட்டப்பட்ட சூடோபிஸ்டோனிடே ஆகிய குடும்பங்கள். ட்ரெபானிடேயையும் முன்பு இவற்றுக்குப் பக்கத்தில் வைத்தார்கள், இப்போது அது தனி மேற்குடும்பத்தில், அதாவது வேறொரு குடும்பத் தொகுதியில். இதைவிட வேடிக்கை ஹெடிலிடே. அமெரிக்க வெப்பமண்டலத்து விட்டில்கள், ஜியோமெற்றிடேக்குள்ளேயே கிடந்தன. 1986இல் பூச்சியியலாளர் மால்கம் ஸ்கோபிள் அவை வண்ணத்துப்பூச்சிகள் என்றார், டிஎன்ஏ ஆய்வும் பிறகு அந்தப் பக்கமே சாய்ந்தது. ஜியோமெற்றிடேக்குள்ளும் கலைப்பு ஓயவில்லை. ஏறத்தாழ 24,000 இனங்கள், 2019 டிஎன்ஏ ஆய்வில் எபிடெஸ்மினே என்று புதுத் துணைக்குடும்பமே பிரித்தார்கள்.

சுன்னாகத்தான்:
விறாந்தை லைற்றுக்கு ஒரு வெள்ளை விட்டில் வந்தது, சாம்பல் கோடுகள், பின்சிறகில் சின்ன வால், வாலடியில் கறுப்புப் பொட்டு. செயலி ஜியோமெற்றிடே என்கிறது.

விட்டில்பைத்தியம்:
செயலியை நம்பாதேயும் தம்பி. அடையாளம் மைக்ரோனியா அக்குலியேட்டாவோடு ஒத்துவருகிறது, அது யுரானிடே. அந்தக் குடும்பத்தில் ஆணின் காது ஒரு மாதிரி, பெண்ணின் காது வேறு மாதிரி, வயிற்றில் இருக்கும் இடமே வேறு. வயிற்றைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் போடும், ஆணா பெண்ணா என்றும் பார்ப்போம்.